நாக்கின் அடியில் இருந்த தைராய்டு

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மகள் ஏழாவது படிக்கும்போது, தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டு இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். பேச்சும் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி மாறியது. டான்சில் என்று மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் கிடுகிடுவென வளர்ந்துவிட, இவள் குட்டையாகவே நின்றாள். எந்நேரமும் அசதி, மலச்சிக்கல் வேறு. தொண்டையையும் இந்த அசதியையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பக்கத்து டவுனில் ஒரு டாக்டர் நாக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, "சின்னக் கட்டிதானுங்க, எடுத்துடலாம்" என்றார். என் வீட்டுக்காரர் மட்டும், கோயமுத்தூரில் ஒரு தடவை காட்டாமல் கத்தி வைக்க விடமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். அந்தப் பிடிவாதம்தான் எங்கள் பிள்ளையைக் காப்பாற்றியது என்று மனதார நம்புகிறேன்.

கோயமுத்தூர் காது மூக்கு தொண்டை டாக்டர் முதலில் அவள் கழுத்தைத்தான் தடவிப் பார்த்தார். அப்புறம் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டார். திரையில் நாங்களும் பார்த்தோம். நாக்கின் வேரில், நட்டநடுவில், வழவழவென்று சிவந்த ஒரு உருண்டை. அதன் மேல் நரம்பு நரம்பாக ரத்தக் குழாய்கள்.

"தைராய்டு டெஸ்டும் கழுத்து ஸ்கேனும் பார்க்காம இதைத் தொடவே கூடாதுங்க" என்றார். சதை எடுத்து சோதிக்கக்கூட அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ரத்த ஓட்டம் அதிகமான இடம், ரத்தம் நிற்காமல் போகலாமாம்.

உடம்பு வளரவும் சுறுசுறுப்பாக இருக்கவும் வேண்டிய ஹார்மோனைச் சுரக்கிறது தைராய்டு சுரப்பி. கருவில் அது நாக்கின் அடியில்தான் உருவாகிறது. ஏழாவது வாரத்துக்குள் கழுத்துக்கு இறங்கி வந்துவிட வேண்டும். சிலருக்கு வழியிலேயே நின்றுவிடுகிறது. அப்படி இடம் மாறிய தைராய்டில் நூற்றுக்குத் தொண்ணூறு நாக்கின் வேரில்தான் இருக்கும். இதில் முக்கியமானது, இப்படி நாக்கில் தைராய்டு உள்ள பத்துப் பேரில் ஏழு பேருக்கு உடம்பில் இருக்கிற ஒரே தைராய்டு அதுதான். கட்டி என்று வெட்டி எறிந்தால், சுரக்கிற கொஞ்சநஞ்சமும் போய்விடும்.

ரத்தப் பரிசோதனையில், தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டுகிற டிஎஸ்எச் என்ற ஹார்மோன் 40-ஐத் தாண்டியிருந்தது. 4, 5-க்குள் இருக்க வேண்டியது. அல்ட்ராசவுண்டில் கழுத்தில் சுரப்பியே இல்லை. உறுதி செய்ய, தைராய்டு எங்கே இருக்கிறது என்று காட்டுகிற டெக்னீசியம் ஸ்கேன். கை நரம்பில் ஊசி போட்டு, கொஞ்ச நேரம் உட்கார வைத்து, கழுத்தை நிமிர்த்திப் படுக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். வலியே இல்லை. படத்தில் எச்சில் சுரப்பிகள் மங்கலாகத் தெரிந்தன, கழுத்து வெறுமையாக இருந்தது, நாக்கின் வேரில் மட்டும் ஒரு புள்ளி பளிச்சென்று. என் அம்மாவிடம் காட்டினேன். "ஏஞ்சாமி, கழுத்துல இருக்க வேண்டியது அங்க போயி உக்காந்துக்கிச்சா!" என்று பேத்தியைக் கட்டிக்கொண்டார்.

அந்தச் சின்னச் சுரப்பியால் வளர்கிற பிள்ளைக்குத் தேவையானதைச் சுரக்க முடியவில்லை. மூளையிலிருந்து டிஎஸ்எச் அதிகமாக வந்து அதை விரட்ட விரட்ட, அது வீங்கியிருக்கிறது. வயசுக்கு வருகிற பருவத்திலும் கர்ப்பத்திலும் இது பெரிதாவது இதனால்தான். தைராய்டு சுரக்க வேண்டிய ஹார்மோனையே தைராக்சின் மாத்திரையாகக் கொடுத்தால் டிஎஸ்எச் இறங்கும், வீக்கமும் வடியும் என்றார்கள். மூச்சு அடைத்தால், ரத்தம் கசிந்தால், சாப்பாடு இறங்காவிட்டால்தான் ஆபரேஷன்.

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, அரைமணி நேரம் கழித்துத்தான் காபி. பள்ளிக்கூடத்தில் வாராவாரம் தருகிற இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். ஆறு முதல் எட்டு வாரத்தில் திரும்ப ரத்தம் பார்த்து அளவை மாற்றினார்கள். அசதிதான் முதலில் போனது. உருண்டை மெதுவாகத்தான் சுருங்குகிறது, ஆனால் பேச்சு தெளிந்துவிட்டது. உயரமும் கூடுகிறது.

தொண்டையிலோ கழுத்தின் நடுவிலோ பிள்ளைக்குக் கட்டி என்றால், "கழுத்துல தைராய்டு இருக்குதுங்களா?" என்று ஆபரேஷனுக்கு முன்னால் கட்டாயம் கேளுங்கள். எங்கள் மகளைப் போல இது இருப்பவர்கள் வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தொண்டைக்குள் குழாய் விடும்போது இது குறுக்கே நிற்கும்.