கடுதாசி இல்லாத வைர மோதிரம் வாங்கிய கதை

கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அக்கா வெளிநாடு போகுமுன் தன் மோதிரத்தை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். மஞ்சள் தங்கத்தில் ஒற்றைக் கல். "அரைக் கரட், வீவீஎஸ்" என்றார். வீவீஎஸ் என்பது கல்லுக்குள் குறைகள் மிகக் குறைவு என்று சொல்லும் தர எழுத்து. சான்றிதழ் இல்லை. தொண்ணூறுகளில் வாங்கிய நகைக்கு யார்தான் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்? ஆனால் கடுதாசி இல்லாத கல்லுக்கு எழுத்துகளைச் சொல்லி விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கணக்கு. கண்ணுக்குத் தெரிவதற்கும் அளவெடுக்க முடிவதற்கும் மட்டும்தான் காசு.

இரண்டு பேருமாகச் கொழும்பின் நகைக்கடைத் தெருவான செட்டியார் தெருவில் எனக்குத் தெரிந்த பத்தர் ஐயாவிடம் போனோம். அவர் எடுத்த எடுப்பில் லென்ஸைத் தொடவில்லை. "முதல்ல கழுவுவம் தம்பி" என்று, சவர்க்காரம் கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷால் கல்லின் பின்புறத்தைத் தேய்த்தார். வைரத்தில் எண்ணெய்ப் பசை சுலபமாக ஒட்டும். பல வருட அழுக்கு சாம்பல் நிறத்தில் கரைந்து வந்தது. துடைத்துப் பார்த்தால் அது வேறு கல் மாதிரி இருந்தது.

அப்புறம்தான் பத்து மடங்கு லென்ஸ். "சாய்ச்சுப் பாருங்கோ, பின்பக்கப் பட்டைக் கோடு ஒண்டாத் தெரியுதோ, ரெண்டாத் தெரியுதோ?" ஒன்றாகத்தான் தெரிந்தது. இரட்டையாகத் தெரிந்தால் வைரம் போலத் தெரியும் செயற்கைக் கல்லான மொய்சனைட் என்றோ, இயற்கைக் கல்லான நிறமற்ற சேர்க்கோன் என்றோ சந்தேகப்பட வேண்டும். நம்மூர் 'மாத்தறை வைரம்' அந்தச் சேர்க்கோன்தான். அது வைரத்தைவிட மென்மை, பட்டை விளிம்புகள் தேய்ந்து போகும். வெப்பம் கடத்துவதைச் சோதிக்கும் பேனாக் கருவியும் வைரம் என்றது. கியூபிக் சேர்க்கோனியா என்ற இன்னொரு செயற்கைக் கல்லை அது பிடித்துவிடும், மொய்சனைட்டிடம் ஏமாந்துவிடும். அதனால் லென்ஸ், கருவி இரண்டும் வேண்டும். ஆய்வுகூடத்தில் உருவாக்கிய வைரத்தை இரண்டாலும் பிரித்தறிய முடியாது. அக்காவின் கல்யாணப் படத்தில் இதே மோதிரம் இருந்தது, அந்தக் காலத்து நகையில் ஆய்வுகூட வைரம் இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் இடையில் கல் மாற்றப்படவில்லை என்பதற்குப் படம் சாட்சி இல்லையே. சந்தேகம் இருந்தால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

வேர்னியர் என்ற அளவுகோலில் குறுக்களவு 4.8 மில்லிமீற்றர். சராசரி வெட்டு (பட்டை தீட்டிய விதம்) உள்ள அரைக் கரட் வட்டக் கல் 5.1 வரை வரும், இது 0.42 கரட் அளவுதான் தேறும். வீவீஎஸ் என்றால் பத்து மடங்கிலும் குறையைக் காண்பது மிகக் கடினம். இதிலோ ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று லென்ஸில் உடனே தெரிந்தது. வெறுங்கண்ணுக்குத் தெரியவில்லை, விளிம்பையும் தொடவில்லை. விளிம்பைத் தொட்டிருந்தால் வாங்கியிருக்கமாட்டேன். ஓர் அடி பட்டால் அந்த இடத்தில் உடையலாம். நிறத்துக்கு நான் மினக்கெடவில்லை. பதித்த கல்லில் மஞ்சள் தங்கத்தின் சாயல் விழுவதால் நிறத்துக்கான தர எழுத்துச் சரியாக வராது. அமெரிக்காவின் இரத்தினக்கல் ஆய்வு நிறுவனமான ஜீஐஏகூடக் கழற்றிய கல்லுக்குத்தான் தர அறிக்கை கொடுக்கிறது.

நான் அதிகம் மெனக்கெட்டது வெட்டைப் பார்ப்பதில்தான். கடை விளக்கின் கீழே கண்ணாடித் துண்டும் மினுங்கும். வாசல் நிழலுக்குக் கொண்டுபோய்க் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மோசமான வெட்டாக இருந்தால் நடுவில் கறுத்திருக்கும், அல்லது மேல்முகத்துக்குள் சாம்பல் வளையம் தெரியும். இது ஓரம்வரை ஒளி விட்டது.

விலைக்குப் பக்கத்துக் கடைகளில், இதை விற்றால் என்ன தருவீர்கள் என்று அக்காவையே கேட்க வைத்தேன். உள்ளே பதினெட்டுக் கரட் தங்கம் என்பதைக் காட்டும் 750 முத்திரை இருந்ததால் தங்கத்துக்கு எடைப்படி சொன்னார்கள். கல்லுக்கு அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு அவருக்கு முகம் வாடிவிட்டது. அதற்கும் அவர் முதலில் கேட்டதற்கும் நடுவில், கடைக்காரரைவிடக் கணிசமாகக் கூட்டிக் கொடுத்தேன். கல்லைப் பிடித்திருந்த கொக்கிகளில் ஒன்று தேய்ந்திருந்தது. அதைச் சரிசெய்யும் கூலியை அக்காவே கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்.