எண்பத்தொரு சென்ரிமீற்றர்

ஜூலை 6

விபுலாநந்த அடிகளார் நினைவு தினத்துக்கு இம்முறை நான் பேச வேண்டுமாம். வழக்கமாகத் தமிழ் ரீச்சர்மார்தான் பேசுவார்கள். கணிதம் படிப்பிக்கிற நான் என்ன சொல்வது? ஜூலை 19க்கு இன்னும் 13 நாள்தான் இருக்கிறது.

பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன். காரைதீவில் பிறந்தவர், மல்லிகைப் பாட்டு எழுதியவர், சிலைக்கு மாலை போடுவோம். அதோடு நின்றுவிட்டது. 1920களில் இதே திருகோணமலையில் இந்துக் கல்லூரி அதிபராக இருந்தவர் என்றதும் முழித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

ஜூலை 8

பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற சங்கீத ரீச்சரிடம் அடிகளார் எழுதிய ‘யாழ் நூல்’ இரவல் வாங்கினேன். கச்சான் காற்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தது. செம்பை மேலே வைத்துவிட்டு வாசித்தேன்.

சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் அடிகளுக்கு விரிவுரையாகத் தொடங்கிய நூல். பாயிரவியல், யாழுறுப்பியல் கடந்து இசைநரம்பியலுக்கு வந்தால் எங்கும் பின்னங்கள்! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. 1920இல் லண்டன் பி.எஸ்ஸி. எடுத்த விஞ்ஞான ஆசிரியர் அல்லவா. மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும் அவரே. வழக்கொழிந்துபோன ஒரு கருவியைப் பழைய செய்யுள்களில் இருந்து கணக்குப் போட்டு மீட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் என்று இரண்டு இடத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். இந்த வேலையை எங்கே போனாலும் கூடவே கொண்டு போயிருக்கிறார்.

ஜூலை 9

காய்ச்சல். ஒன்றும் எழுதவில்லை.

ஜூலை 12

ஒரு விஷயம் பிடிபட்டது. சிலப்பதிகாரப் பழைய உரையில், ஏழு நரம்புகளில் (இன்றைய சொல்லில் சுரங்கள்) ‘கிளை’ என்று ஐந்து வருகின்றன: குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை. ஒன்றிலிருந்து அடுத்தது ஐந்தாவது நரம்பு. ஐந்தாவது என்றால் கம்பியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. நீளம் மிகவும் குறைந்து போனால் இரட்டிப்பாக்கி, அதே சுரத்தைக் கீழே கொண்டு வரலாம்.

குரலுக்கு 81 சென்ரிமீற்றர் என்று வைத்தேன். இளி 54. அடுத்தது 36, இரட்டித்தால் துத்தம் 72. விளரி 48. பிறகு 32, இரட்டித்தால் கைக்கிளை 64. எல்லாமே முழு எண்! இரவு பதினொரு மணிக்கு அடுப்படியில் தனியே நின்று சிரித்தேன்.

பேச்சு வேண்டாம். இதைப் பிள்ளைகள் கையால் செய்யட்டும்.

ஜூலை 16

பலகை, இரண்டு ஆணி, நகர்த்த ஒரு மரக்கட்டை. வயலின் கம்பி நீளம் போதவில்லை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தகப்பன் மீன் பிடிக்கிற தங்கூசி நூலைக் கொண்டு வந்தான். நான் போட்ட முடிச்சு இரண்டு தரம் கழன்றது. “விடுங்கோ ரீச்சர், நான் கட்டித் தாறன்” என்று வாங்கி, நுனியை நாக்கில் நனைத்து, ஐந்தாறு சுற்றுச் சுற்றி இழுத்தான். பிறகு அசையவே இல்லை. சத்தம் போதவில்லை என்று பலகையை வெறும் மீன் பெட்டியின் மேல் வைத்ததும் அவன்தான்.

ஜூலை 19

1947 ஜூன் 5, 6 ஆம் திகதிகளில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் ‘யாழ் நூல்’ அரங்கேறியது. ஆறு கிழமை கழித்து, ஜூலை 19, அடிகளார் போய்விட்டார். இதையும், பழைய இசையில் நரம்பு ஏழு என்பதையும் மட்டும் சொல்லிவிட்டுப் பலகையை முன்னால் வைத்தேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் இடறியது.

பையன் கட்டையை நகர்த்தினான். 81. 72. 64. 54. 48. மண்டபம் அமைதியாகிவிட்டது. முன் வரிசையில் இருந்த சங்கீத ரீச்சர் எழும்பிவிட்டார். “பிள்ளை, இது மோகன ராகமெல்லோ!” என்று சொல்லி, அந்த ஐந்து சுரத்திலேயே மெதுவாகப் பாடத் தொடங்கினார். அவன் அவருக்குப் பின்னால் கட்டையைத் தேடித் தேடி வைத்தான். அரைவாசி இடம் பிழைத்தது, யாரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் பின் வரிசைச் சிறுமி ஒருத்தி வந்து கேட்டாள்: “ஏழு நரம்பு எண்டு சொன்னீங்கள். மற்ற ரெண்டும் எங்க ரீச்சர்?”

உழையும் தாரமும். இதே வழியில் போனால் அடுத்தது 64இல் மூன்றில் இரண்டு, 42 உம் மூன்றில் இரண்டும். அடிமட்டத்தில் அந்தக் கோடு இல்லை. பையன் பலகையை வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறான். காதால் கேட்டுப் பென்சிலால் குறித்துக்கொண்டு வருகிறானாம். திங்கட்கிழமை பார்ப்போம்.