குட்டிக் கியரும் கந்தப்பளைச் சேறும்

ஒக்டோபர் 19

மாமாவின் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் எனக்கு வந்து இரண்டு வாரம். 1992 மாடல் டபுள் கெப், எல்.என்.106, 2.8 டீசல். பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு கம்பி. "சேற்றில் மாட்டினால் அதைப் போடு" என்று மட்டும் சொல்லி மாமா சாவியைத் தந்தார்.

இன்று மாட்டினேன். லீக்ஸ் ஏற்றிக்கொண்டு கீழ்த் தோட்டத்திலிருந்து மேலே வரும்போது பின்சக்கரம் இரண்டும் குழி பறிக்கத் தொடங்கின. குட்டிக் கம்பியை எச்2-இலிருந்து (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) எச்4-க்கு (நான்கும் இழுக்கும் நிலை) தள்ளினேன். டேஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கும் எரிந்தது. எட்டிப் பார்த்தால் முன்சக்கரம் அசையவே இல்லை! கடைசியில் பக்கத்துத் தோட்டத்து டிராக்டர்தான் இழுத்துவிட்டது. அந்த டிராக்டர்காரரின் சிரிப்பை எழுதப்போவதில்லை.

ஒக்டோபர் 20

கராஜ் அண்ணன் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. நேராக முன்சக்கரத்தின் நடுவில் இருந்த வட்டத்தை, அதாவது ஹப்பை, காட்டினார். சேற்றைத் துடைத்தால் ஒரு பக்கம் 'ஃப்ரீ', மறுபக்கம் 'லொக்'. அம்புக்குறி ஃப்ரீயில் நின்றது.

"விளக்குக்கு லீவர் எங்க நிக்குதுன்னு மட்டும்தான் தெரியும் தம்பி. சக்கரத்துக்கு இழுவை போகுதான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

நேற்று நடந்தது இதுதான்: என்ஜினின் சுற்றை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸ் தன் வேலையைச் செய்திருக்கிறது. அதை முன்னால் கொண்டுபோகும் தண்டான முன்புற புரொபெல்லர் ஷாஃப்ட் சுற்றியிருக்கிறது, இடது வலது சக்கரங்களுக்குச் சுற்றைப் பிரிக்கும் முன் டிஃபரன்ஷியலும் சுற்றியிருக்கிறது. ஹப்பில் வந்து எல்லாம் நின்றுபோயிற்று. வண்டியை விட்டு இறங்கி, இரண்டு முன்சக்கரத்திலும் கையால் லொக்குக்குத் திருப்பினால்தான் அந்தச் சுற்று சக்கரத்துக்குப் போகும். சேற்றுக்குள் இறங்கும் முன்பே திருப்பிவிட வேண்டும். மாட்டிய பிறகு முழங்கால் சேற்றில் நின்று திருப்புவது எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒக்டோபர் 21

சந்தேகத்துக்கு ஜாக் வைத்துப் பார்த்தோம். வலது சக்கரத்தைத் தூக்கி, ஹப்பை ஃப்ரீயில் வைத்துக் கையால் சுற்றினால் இலேசாக ஓடுகிறது. லொக்கில் வைத்தால் கனக்கிறது, அச்சுக்குள் ஏதோ சேர்ந்து சுற்றும் சத்தமும் வருகிறது. இடது சக்கரத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. லொக் என்று எழுதியிருக்கிறது, ஆனால் உள்ளே பிடிக்கவில்லை.

ஆறு போல்ட்டைக் கழற்றி மூடியை எடுத்தால், கிரீஸ் காய்ந்து புளியங்கொட்டை நிறத்தில் பிசினாக ஒட்டியிருந்தது. நகர வேண்டிய வளையம் அதில் சிக்கிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸை மெல்லிசாகப் பூசி மாட்டினோம். நிறையப் பூசினால் குளிரில் அதுவே மறுபடியும் பிடித்துக்கொள்ளுமாம்.

ஒரு ஹப் மட்டும் பிடிக்காவிட்டால் பாதி இழுவையாவது கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைக்காது. முன் டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கத்தைத்தான் சுற்றும். இடது ஹப் விட்டுப்போனால் அந்தப் பக்கத்து அச்சு மட்டும் சும்மா சுழலும், வலது சக்கரம் நின்றுகொண்டிருக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் ஃபோர் வீல் என்ற பெயரே கொஞ்சம் மிகைதான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சக்கரம் வழுக்கினாலே இந்த வண்டி நின்றுவிடும்.

ஒக்டோபர் 27

தோட்டத்திலிருந்து ஏறும்போது எச்4 அருமையாக இழுத்தது. அந்தச் சந்தோஷத்தில் தார் ரோட்டுக்கு வந்தும் அதை எடுக்க மறந்துவிட்டேன். முதல் கொண்டையூசி வளைவில் ஸ்டியரிங் இறுகியது, டயர் கீச்சிட்டது, வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போலிருந்தது. நிறுத்தி எச்2-க்குத் தள்ளினால் கம்பி வரமாட்டேன் என்கிறது.

போனில் அண்ணன்: "பலவந்தம் பண்ணாதீங்க. நேரா பத்தடி ரிவர்ஸ் போங்க."

போனேன். அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம், கம்பி வெண்ணெய் போல வந்தது.

காரணம் இரவு சாப்பிடும்போதுதான் பிடிபட்டது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இந்த டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நடு டிஃபரன்ஷியல் கிடையாது, எச்4-இல் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லை. முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் பல்லிலும் ஏறி உட்கார்ந்துவிடுகிறது, அந்த இறுக்கத்தில் கம்பி எப்படி வரும்?

ஒக்டோபர் 28

நாள் முழுக்க மழை. வண்டியை எடுக்கவில்லை.

நவம்பர் 2

டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒயில் மாற்றினோம். முதலில் நிரப்பும் போல்ட்டைக் கழற்ற வேண்டும், பிறகுதான் கீழே வடிக்கும் போல்ட். கீழே வடித்துவிட்டு மேல் போல்ட் கழலவில்லையென்றால் வண்டி அங்கேயேதான் நிற்கும். வந்த ஒயில் கறுப்பு. பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். நல்லவேளை, அப்படியில்லை.

மேசையில் வேறொரு வண்டியின் கேஸ் பிரித்துக் கிடந்தது. உள்ளே செயின் எதுவும் இல்லை, எல்லாம் பல்லுச்சக்கரம். எல்4-இல், அதாவது நான்கு சக்கரமும் மெதுவாக, கூடுதல் பலத்தோடு இழுக்கும் லோ நிலையில், சுற்று பக்கத்துப் பல்லுகள் வழியாகப் போய் 2.28 மடங்கு குறைந்து வெளியே வருகிறது. எச்-இல் 20 கி.மீ. ஓடும் அதே என்ஜின் சுழற்சிக்கு எல்4-இல் 9 கி.மீ.கூட வராது, இழுவை மட்டும் அத்தனை மடங்கு ஏறும். அதனால்தான் ஹப் ஃப்ரீயில் இருக்கும்போது எல்4 போடக் கூடாது என்கிறார் அண்ணன். அவ்வளவு முறுக்கையும் பின் அச்சு தனியாகச் சுமக்க வேண்டிவரும்.

மாமாவிடம் சொன்னேன். அவர் எஸ்டேட் லேண்ட்ரோவர் ஓட்டியவர். "மஞ்சள் குமிழை அமுக்கினா ஃபோர் வீல், சிவப்பை இழுத்தா லோ. இதுக்கு எதுக்குடா ஒரு மாசம்?"

நவம்பர் 6

இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. எல்4 போட வண்டியை நிறுத்தி, கிளட்ச் மிதித்துக் கம்பியை நகர்த்தினேன். தம்பி கூப்பிட்டான். சரி, முதல் கியரில்தானே இருக்கிறது என்று ஹேண்ட்பிரேக் போடாமல் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினேன். வண்டி மெதுவாகப் பின்னால் உருளத் தொடங்கியது.

எச்4-க்கும் எல்4-க்கும் நடுவில் ஒரு நியூட்ரல் இருக்கிறது. கம்பி அதில் நின்றுவிட்டது. அங்கே நின்றால் பெரிய கியர் எதில் இருந்தாலும் சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் தொடர்பே இல்லை. ஓடிப்போய் ஏறி பிரேக்கை மிதித்தேன். கரட் பாத்தி ஒன்று போயிற்று.

நவம்பர் 10

முழு லோடுடன் மேல் தோட்டத்துச் செங்குத்தில் இறங்கினேன். ஹப் லொக், எல்4, முதல் கியர், இரண்டு காலும் தரையில். என்ஜின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து வைத்திருந்தது, நடக்கும் வேகம்கூட இல்லை. பக்கத்தில் நடந்து வந்த தம்பி எனக்கு முன்னால் கீழே போய்ச் சேர்ந்துவிட்டான். பிரேக்கை ஒரு தடவைகூடத் தொடவில்லை.

அடிவாரத்தில் எச்2-க்கு மாற்றினேன், கம்பி சண்டை போடாமல் வந்தது. நுவரெலியா பொருளாதார நிலையத்தில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, ஹப் இரண்டும் இன்னும் லொக்கில். எச்2-இல் அதனால் கேடு எதுவுமில்லை, முன் ஷாஃப்ட் சும்மா சுற்றும், டீசல் கொஞ்சம் போகும். வெளியே மழை. காலையில் பார்த்துக்கொள்கிறேன்.