வரையாட்டுக்கு ஏன் பேர் மாத்துனாங்க

இந்த சயின்டிஸ்டுங்க விலங்குகளோட அறிவியல் பேரை மாத்திக்கிட்டே இருக்காங்கன்னு சலிச்சுக்குறவங்க நிறைய, எனக்கு அந்த மாத்தத்துலதான் சுவாரசியமே. நம்ம மாநில விலங்கு வரையாட்டையே பாருங்க.

1838ல வில்லியம் ஆகில்பி இதுக்கு கெமாஸ் ஹைலோக்ரியஸ்னு பேர் வச்சார். அப்புறம் ஹெமிட்ராகஸ்ங்கற பேரினத்துல சேத்தாங்க (பேரினம்னா நெருங்கின சொந்தக்கார விலங்குகளோட கூட்டம், அறிவியல் பேர்ல முதல் சொல் அதான்), இமயமலை தார் (தார்னா மலைல வாழற ஒரு காட்டு ஆடு), ஓமன் பக்கம் இருக்கற அரேபிய தார், நம்மாளு, மூணும் ஒரே குடும்பத்து புள்ளைங்க மாதிரி ரொம்ப காலம் ஒண்ணாவே இருந்துச்சு. வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரங்க வேற இதை நீலகிரி ஐபெக்ஸ்னு கூப்ட்டாங்க, ஐபெக்ஸுங்கறது வேற ஆடு.

2005ல ரோபிகே, அசானின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் டிஎன்ஏ எடுத்து பாத்தா மூணும் மூணு திசைல போகுது! இமயமலை தார் வெள்ளாட்டுக்கு கிட்ட வருது, அரேபிய தாருக்கு வட ஆப்பிரிக்காவுல இருக்கற பார்பரி ஆடு சொந்தம், நம்ம வரையாடு செம்மறி பக்கம் வந்து நிக்குது. செங்குத்து பாறைல வாழ்ந்து வாழ்ந்து தனித்தனியாவே ஒரே ஜாடை வந்துருக்கு போல. வால்பாறை ரோட்டுல கொண்டை ஊசி வளைவு பக்கம் அது சாதாரணமா நிக்கறத பாக்கறப்பல்லாம் எனக்கு இதான் ஞாபகம் வரும்.

அதனால புதுசா நீல்கிரிட்ராகஸ்னு ஒரு பேரினம் உருவாக்குனாங்க. ஆனா ஹைலோக்ரியஸ் அப்படியே இருக்கு, ஏன்னா பேரினம் மாறுனாலும் முதல்ல வச்ச ரெண்டாவது பேரை தூக்கக்கூடாதுன்னு விதி. முழுசா எழுதுனா நீல்கிரிட்ராகஸ் ஹைலோக்ரியஸ் (ஆகில்பி, 1838). அந்த அடைப்புக்குறி சும்மா போட்டது இல்ல, இவர் வச்ச பேரினத்துல இப்ப இது இல்லன்னு அர்த்தம். புலிக்கும் அதுக்கு பேர் வச்ச விஞ்ஞானி லின்னேயஸ் பேர் அடைப்புக்குறிக்குள்ளதான் வரும், அவர் அதை ஃபெலிஸ்ங்கற பேரினத்துல வச்சிருந்தார், ஆனா மனுஷனுக்கு ஹோமோ சேப்பியன்ஸ் லின்னேயஸ், 1758னு அடைப்புக்குறி இல்லாம வரும், இடம் மாறவே இல்லல்ல.

இன்னொண்ணு, இந்த பேரினத்துல இப்ப இருக்கறது வரையாடு ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் தமிழ்நாடு கேரளா மலைல மட்டும். இது போனா ஒரு பேரினமே போயிரும், அதை நெனச்சாலே பதறுது.

இதைப் பத்தி தேடி படிக்கறவங்க ஹெமிட்ராகஸ்னும் போட்டு தேடுங்க, 2005க்கு முந்தின கட்டுரைங்க பழைய பேர்லதான் கிடைக்கும்.