1983 நவம்பரும் இரண்டு தலைநகரங்களின் கணிப்புகளும்

1983 நவம்பரில், அணு ஆயுதப் பயன்பாட்டை ஒத்திகை பார்க்க மேற்கு நாடுகளின் இராணுவக் கூட்டணியான நேட்டோ நடத்திய 'ஏபிள் ஆர்ச்சர்' பயிற்சியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அது உண்மையான தாக்குதலுக்கான போர்வையாக இருக்கலாம் என்ற மாஸ்கோவின் அச்சத்தைவிட, அந்த அச்சத்தை மேற்கு நாடுகளின் உளவு மதிப்பீட்டாளர்கள் எடைபோட்ட விதமே என்னை அதிகம் கலங்க வைக்கிறது. மேற்கு நாடுகள் திடீர் அணு ஆயுதத் தாக்குதலுக்குத் தயாராகின்றனவா என்று கண்டறிய 1981இல் தொடங்கிய 'ரியான்' நடவடிக்கையின் கீழ், அரசு அலுவலகங்களில் இரவில் எரியும் விளக்குகளையும் இரத்த வங்கிகளையும்கூடக் கண்காணிக்குமாறு சோவியத் உளவு அமைப்பான கேஜிபி தன் ஒற்றர்களைப் பணித்திருந்தது. தலைமை எதிர்பார்த்த அபாயத்தைத் தாங்களே நம்பாதபோதும், அவர்கள் அத்தகைய தகவல்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பதை, லண்டனில் பணியாற்றியபடியே பிரிட்டனுக்கு உளவு சொன்ன கேஜிபி அதிகாரி ஓலெக் கோர்டியெவ்ஸ்கி தெரிவித்தார். பயமே சான்றுகளை உற்பத்தி செய்யும் இந்த நிலைதான், என் பார்வையில், ஏவுகணைகளின் எண்ணிக்கையைவிட ஆபத்தானது.

சோவியத் அதிகாரிகளில் சிலரேனும் அந்தப் பயிற்சியை உண்மையான அச்சுறுத்தலாகத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கக்கூடும் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்று பிரிட்டனின் கூட்டு உளவுக் குழு 1984இல் எழுதியது. அதே ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க மதிப்பீடோ, சோவியத் தலைவர்கள் உடனடிப் போர் அபாயம் இருப்பதாக உண்மையில் கருதவில்லை என்று முடிவுகட்டியது. அமெரிக்க அதிபரின் உளவு ஆலோசனை வாரியம் 1990இல் ஓர் அறிக்கையில் இந்த முடிவைக் கடுமையாக விமர்சித்தது. அந்த அறிக்கை 2015இல்தான் பொதுவெளிக்கு வந்தது. பயிற்சியின்போது மேற்குப் படைகளின் எச்சரிக்கை நிலையை உயர்த்த வேண்டாம் என்று லெனார்ட் பெரூட்ஸ் என்ற அமெரிக்க விமானப்படைத் தளபதி எடுத்த முடிவையும், போதிய தகவல் இல்லாமலே நல்வாய்ப்பாக அமைந்த ஒன்றாகவே அது மதிப்பிட்டது.