வேர்முடிச்சின் இளஞ்சிவப்பு

நன்றாகத் தழைத்திருந்த தட்டைப்பயறுச் செடி ஒன்றை மண்ணோடு தோண்டியெடுத்து, வேரைத் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். மிளகு பருமனில் முடிச்சுகள் ஒட்டியிருந்தன. ஒன்றை நகத்தால் கீறியபோது உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தது. வெளிச்சமே படாத வேருக்குள் இரத்தச் சாயல் எதற்கு?

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் முப்பிணைப்பால் இறுகியிருப்பதால் எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. உரத் தொழிற்சாலைகள் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் சாதிப்பதை, ரைசோபியம் முதலிய பாக்டீரியாக்கள் மண்ணின் இயல்பான வெப்பநிலையிலேயே நைட்ரோஜினேஸ் என்னும் நொதியால் செய்து, நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிச் செடிக்குக் கொடுக்கின்றன. முடிச்சில் வாழும் பாக்டீரியாவை முதன்முதலாகப் பிரித்தெடுத்து வளர்த்தவர் டச்சு அறிவியலாளர் பெய்ஜரிங்க், ஆண்டு 1888.

வேர் கசியவிடும் ஃபிளேவனாய்டுகள் என்னும் வேதிப்பொருள்களை உணரும் பாக்டீரியா, பதிலுக்குத் தன் வேதிச் சமிக்ஞையை அனுப்ப, வேர்த்தூவி கொக்கிபோல் சுருண்டு அதை உள்ளே வாங்கிக்கொள்கிறது. நிலக்கடலையில் இந்தச் சடங்கெல்லாம் இல்லை. பக்கவேர் வெடித்து வெளிவரும் இடத்திலுள்ள பிளவு வழியாகவே அது நுழைந்துவிடுகிறது.

உள்ளே வந்தபின் ஒரு தர்மசங்கடம் காத்திருக்கிறது. ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றை மாற்றக் உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகும். அவ்வளவு ஆற்றலை ஈட்ட, செடி தன் சர்க்கரையிலிருந்து செய்து ஊட்டும் மாலேட் என்னும் கரிமப்பொருளை எரிக்க வேண்டும், அதற்கு ஆக்சிஜன் வேண்டும். அதே ஆக்சிஜன் பட்டால் நைட்ரோஜினேஸ் பாழாகிவிடும். நம் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் என்னும் இரும்புப் புரதத்தைச் செடி உருவாக்கி, ஆக்சிஜனைப் பிடித்து வைத்து, சுவாசத்துக்குத் தேவையான அளவு மட்டும் அளந்து கொடுக்கிறது. நான் கண்ட சிவப்பு அதுதான். கீறிய முடிச்சு வெள்ளையாக இருந்தால் அங்கே வேலை நடக்கவில்லை என்று பொருள். பச்சையோ பழுப்போ தெரிந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

மண்ணில் யூரியா தாராளமாக இருந்தால் செடி முடிச்சுகளைக் குறைத்துக்கொள்ளும்; கையருகே கிடைப்பதற்குச் சர்க்கரை கொடுத்து ஆள் வைப்பானேன்? பயறு விதைத்தாலே நிலத்தில் தழைச்சத்து சேர்ந்துவிடும் என்று பொதுவாகச் சொல்வதிலும் எனக்கு முழு உடன்பாடில்லை. சேர்ந்த நைட்ரஜனில் பெரும்பகுதி மணிகளுக்குள் புரதமாகப் போய்விடுவதால், அறுவடை செய்தபின் மண்ணுக்கு மிஞ்சுவது வேரும் சருகும் தருவது மட்டுமே. பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை, மணி பிடிக்கும் முன்பே, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது இதனால்தான்.