போயாவைச் சூத்திரத்தால் பிடிக்க முடியாது

இலங்கையில் வேலை நாட்களைக் கணிக்கும் கணினி நிரலுக்கு, பூரணை விடுமுறையான போயாவின் திகதிகள் தேவை. 2025இன் டிசம்பர் மாதப் போயாவான உண்டுவப் டிசம்பர் 4. ஆனால் அந்தப் பூரணை கொழும்பு நேரப்படி முழுமையானது டிசம்பர் 5 விடியப்புறம் 4.44 அளவில். வானியல் மென்பொருள் நூலகத்திடம் பூரணை நேரத்தைக் கேட்டு, ஐந்தரை மணித்தியாலம் கூட்டி, கிடைத்த திகதியைப் போயா என்று பதிந்தால் ஒரு நாள் பிந்திவிடும். ஐந்தரை மணித்தியாலம் கூட்டாமல் யுடிசி (உலகப் பொது நேரம்) திகதியையே எடுத்தால் டிசம்பர் சரிவரும், ஏப்ரல் பிழையாகும்: ஏப்ரல் பூரணை இரண்டு நேரப்படியும் 13, அம்மாதத்துப் பக் போயா 12. போயாவைத் தீர்மானிப்பது திதி, அதாவது சந்திர நாள். அதைக் கணித்துச் சரியாக வந்தாலும், செல்லுபடியாவது அரச வர்த்தமானியில் வந்த திகதிதான்.

ஆகவே வர்த்தமானித் திகதிகளை ஒரு சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) வையுங்கள். திகதி, பெயர், பொது, வங்கி, வர்த்தகம் என்று ஐந்து நிரல்கள் போதும். கடைசி மூன்றும் விடுமுறை வகைகள், அவை தனித்தனியாக இருக்கவேண்டும். தீபாவளி, மகா சிவராத்திரி, பெரிய வெள்ளி மூன்றும் வங்கி விடுமுறை. தனியார் நிறுவனங்களுக்குரிய வர்த்தக விடுமுறை அல்ல. ஒரே பட்டியலால் வங்கித் தீர்ப்பனவையும் தனியார் நிறுவனச் சம்பளத்தையும் கணித்தால் ஏதோ ஒன்று நிச்சயம் பிழையாகும்.

தட்டச்சுப் பிழையைப் பிடிக்க எளிய சோதனை உண்டு. அடுத்தடுத்த போயாக்களுக்கு இடையே 29 அல்லது 30 நாள் இருக்கவேண்டும்; வேறு எண் வந்தால் அந்த வரியை வர்த்தமானியோடு திரும்ப ஒப்பிடுங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு என்று மட்டும் நிபந்தனை வைக்காதீர்கள், 2023இல் பதின்மூன்று.

சுதந்திர தினம், நத்தார் போன்றவற்றை விதியாக எழுதலாம். பெரிய வெள்ளிக்கு பைதன் மொழியின் பாண்டாஸ் நூலகத்தில் ஆயத்தமான விதியே இருக்கிறது. ஆனாலும் கோப்பு விதியை மீறக்கூடியதாக இருக்கட்டும்: 2018இல் வெசாக் காரணமாக மே தின விடுமுறையே மே 7க்கு மாறியது.

இணையத்து உதாரணங்களில் வரும் 'நியரஸ்ட் வொர்க்டே' என்ற அமைப்பை அப்படியே கொண்டுவராதீர்கள். அது சனிக்கிழமை விடுமுறையை வெள்ளிக்கும், ஞாயிறை திங்களுக்கும் தள்ளும். அமெரிக்க வழக்கம் அது. நமது வங்கி விடுமுறைக்கு வர்த்தமானியில் உள்ள திகதியையே எடுங்கள்.

பட்டியல் தயாரானதும் பாண்டாஸின் 'கஸ்டம் பிசினஸ் டே'க்கு அதை நேரடியாகக் கொடுத்தால் வேலை நாள் கூட்டலும் கழித்தலும் சரியாக நடக்கும். நம்பை என்ற பைதன் நூலகத்தில் 'பஸ்டே ஆஃப்செட்' பயன்படுத்தினால், தொடக்க நாள் விடுமுறையானால் எந்தப் பக்கம் நகர்வது என்று சொல்லும் 'ரோல்' அளவுருவையும் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் போயா தினத்திலிருந்து எண்ணத் தொடங்கும்போது வழு எறியும், அதாவது பிழைச்செய்தியோடு நின்றுவிடும்.

அந்த வழுவாவது கண்ணில் படும். கோப்பு 2026உடன் முடிந்திருக்க, யாரோ 2027 ஜனவரித் திகதியைக் கேட்டால், கணினி நிரல் சத்தமே இல்லாமல் எல்லாப் போயாவையும் வேலை நாளாக எண்ணும். கேட்கும் ஆண்டு கோப்பில் இல்லையென்றால் கணிப்பை நிறுத்தி வழு எறியும் வரியை முதலில் எழுதுங்கள்.